பாட்டியின் முகூர்த்தப் பட்டு மடிப்பில் கிழிகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பாட்டி 1962இல் கல்யாணத்துக்குக் கட்டிய காஞ்சிபுரம் பட்டு என்னிடம் வந்திருக்கிறது. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. ஊடு இழையைக் கொண்டுபோகும் நாடா மூன்றை ஓட்டி, தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்த கோர்வைப் புடவை. உடலும் கரையும் இழைக்கு இழை கோர்த்துக்கொள்ளும் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருக்கலாம். சரிகை வெள்ளியில் தங்க முலாம் பூசியது, இப்போது லேசாகக் கறுத்திருக்கிறது. பழைய பட்டு வாங்குகிறவர் சரிகையை உருக்கி எடுக்கத்தான் கேட்டார், எனக்கு மனசு வரவில்லை.

பல வருஷம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்ததால் மடிப்பு நெடுக இழை விட்டுப்போகிறது. சென்னைப் பக்கம் பட்டில் பார்த்துப் பதமாக டார்னிங் (கிழிந்த இடத்தை இழை ஓட்டி அடைப்பது) செய்பவர் யாராவது இருக்கிறார்களா? பின்பக்கம் மல் துணி வைத்துத் தைத்தால் தாங்குமா? தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். ஒரு மணி நேரமாவது அவள் இதைக் கட்டிக்கொள்ள வேண்டும்.