டார்ச் கோரலைப் படுக்கையாக்கிய க்ளவுன் ஜோடி: மீனைத் தூக்கவா, வேண்டாமா?

உப்புத்தண்ணி (சிங்கப்பூர்):
வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 4 அடி கடல்நீர்த் தொட்டி. ஒசெல்லாரிஸ் வகை க்ளவுன் மீன் ஜோடி ரொம்ப நாளா ஒரு மூலையிலேயே கிடந்துச்சு. இப்போ 2 தலை டார்ச் (விரல் விரலா ஆடுற கல் பவளம்) ஒண்ணு வச்சதும் பெண் மீன் அதைப் பிடிச்சுக்கிச்சு. பகல் முழுக்க அதுக்குள்ளேயே புரளுது, ராத்திரி தூக்கமும் அங்கேதான். டார்ச் பாதிக்கு மேல விரியவே மாட்டேங்குது. ஒரு தலையில சதை கல் கூட்டோட விளிம்பை விட்டுக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கு. கையை விட்டா பெண் கடிக்க வருது. என்ன பண்ணலாம்?

கிள்ளான்_ரீஃப்:
யோசிக்க என்ன இருக்கு? பெண்ணைப் பிடிச்சுக் கடையில கொடுத்துடுங்க. ஒசெல்லாரிஸ் எந்தக் கடையிலயும் கிடைக்கும். நல்ல டார்ச் அப்படியா? 2018ல இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தினப்போ தேடி அலைஞ்சவங்களைக் கேளுங்க. சதை உள்வாங்கிடுச்சுன்னா அடுத்து பிரவுன் ஜெல்லி (சதையை அழுக வைக்கிற நோய்) வர வாய்ப்பு அதிகம். ஒரு தலையில வந்தா பக்கத்துத் தலைக்கும் தொத்தும்.

அனிமோன்_அண்ணாச்சி:
தம்பி, அவசரப்படாதீங்க. அந்த மீன் தேடுறது டார்ச்சை இல்ல, அனிமோனை (கடல் சாமந்தி). அது கிடைக்காததால கையில கிடைச்சதுக்குள்ள நுழைஞ்சிருக்கு. பபிள் டிப் வகை அனிமோன் ஒண்ணு வாங்கி விடுங்க, ஜோடி அங்கே குடி போயிடும். அனிமோனுக்கும் லாபம்: மீன் விடுற அம்மோனியா அதுக்குள்ள இருக்கிற பாசிக்கு உரம்.

பவளப்பித்தன்:
குடி போயிடும்னு யாரு அண்ணாச்சி உத்தரவாதம் கொடுத்தது? கடல்ல ஒசெல்லாரிஸ் குடியிருக்கிறது மக்னிஃபிகா, ஜைகான்டியா, மெர்டென்சி இந்த மூணு அனிமோன்லதான். பபிள் டிப் அந்தப் பட்டியல்லயே இல்ல. தொட்டியில சில ஜோடி ஏத்துக்கும், சில ஜோடி திரும்பிக்கூடப் பார்க்காது. பண்ணையில பிறந்து வளர்ந்த மீன் பல, வாழ்க்கையில அனிமோனையே பார்த்திருக்காது. சரி, வாங்கி விட்டாச்சு, இடம் பிடிக்காம அது நகர ஆரம்பிச்சா? போற வழியில இருக்கிற பவளத்தை எல்லாம் கொட்டிக்கிட்டே போகும். வேவ்மேக்கருக்குள்ள (நீரோட்டம் உண்டாக்குற விசிறி) போய் அரைபட்டா மொத்தத் தண்ணியும் நாசம். ஒரு டார்ச்சைக் காப்பாத்த தொட்டியையே பணயம் வைக்கணுமா?

கிள்ளான், உங்களுக்கும் ஒண்ணு. பெண்ணை மட்டும் எடுத்தா கதை முடியாது. க்ளவுன்ல பெண் போயிட்டா மிச்சமிருக்கிற ஆண் பெண்ணா மாறிடும். அது அதே டார்ச்சுல படுக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க? கோளாறு அளவுலதான் இருக்கு. வளர்ந்த பெண் மீனுக்கு 2 தலை டார்ச் எந்த மூலைக்கு? அதுவே 8, 10 தலை உள்ள கொத்துன்னா மீன் புரண்டாலும் பெரும்பாலும் தாங்கிக்கும்.

கிள்ளான்_ரீஃப்:
10 தலை டார்ச்சா! காசு நீங்க தர்றீங்களா?

பவளப்பித்தன்:
வாங்கச் சொல்லலையே, வளர விடச் சொல்றேன். அதுவரைக்கும் மீனுக்கு ஒரு டோட்ஸ்டூல் லெதர் (காளான் வடிவ மென் பவளம்) கொடுங்க. விலை கம்மி, முரட்டுப் பவளம், மீன் இடிச்சா சுருங்கும், திரும்ப விரியும்.

அனிமோன்_அண்ணாச்சி:
லெதர் தண்ணியில விடுற ரசாயனம் கல் பவளத்துக்கு ஆகாதே, அதை ஏன் மறைக்கிறீங்க? என் அனிமோன் நடக்கும்னு பயமுறுத்துறீங்க, உங்க லெதர் மட்டும் சாதுவா?

பவளப்பித்தன்:
மறைக்கலை. கை அகல லெதர் ஒண்ணுதானே, ரசாயனத்தை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு அப்பப்போ மாத்தினா சமாளிச்சிடலாம். நடக்கிற அனிமோனுக்கு என்ன போடுவீங்க?

கொளத்தூர்க்காரன்:
இந்தியாவில கல் பவளம் எல்லாம் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழே வருது. அதனால என்கிட்ட டார்ச் கிடையாது, இனி வரவும் வராது. ஆனா ஒண்ணு கேட்கிறேன். மீன்தான் குற்றவாளின்னு மூணு பேரும் தீர்ப்பே எழுதிட்டீங்க, விசாரணை எப்போ நடந்துச்சு? டார்ச் மேல வேவ்மேக்கர் நேரா அடிச்சாலும் விரியாது, அல்கலினிட்டி (தண்ணியோட காரத்தன்மை) ஏறி இறங்கினாலும் சதை உள்வாங்கும். பெரிய துளை உள்ள பிளாஸ்டிக் கூடை ஒண்ணை நல்லாக் கழுவி டார்ச் மேல கவிழ்த்து வைங்க. வெளிச்சமும் ஓட்டமும் ஓரளவு போகும், மீன் போகாது. கூடைக்குள்ள விரிஞ்சா மீன்தான் காரணம். விரியலைன்னா மீனை விட்டுட்டுத் தண்ணியைப் பாருங்க.

கிள்ளான்_ரீஃப்:
ராத்திரியெல்லாம் மேல படுத்துக் கிடக்கிற மீனுக்கு விசாரணை வேற!

உப்புத்தண்ணி:
கூடை வச்சுப் பார்த்துட்டேன். ரெண்டு தலையும் நல்லா விரியுது, சதை உள்வாங்கின பக்கமும்தான். அல்கலினிட்டி 8.4 dKH, நிலையா இருக்கு. பெண் மீன் கூடையைச் சுத்திச் சுத்தி முட்டுது, பார்க்கப் பாவமா இருக்கு.

கிள்ளான்_ரீஃப்:
முதல் பதிவுலயே சொன்னேன்.

பவளப்பித்தன்:
மீன்தான் காரணம்னு நிரூபணமாச்சு, விரட்டினாத்தான் தீரும்னு ஆகலையே. டார்ச்சைக் கூடையோட எதிர்முனைக்கு மாத்துங்க. அது இருந்த அதே இடத்துல லெதரை வைங்க. பவளத்தோட சேர்த்து மீன் அந்த இடத்துக்கும் பழகியிருக்கும். லெதர்ல படுக்க ஆரம்பிச்ச பிறகுதான் கூடையை எடுக்கணும். படுக்கலைன்னா கிள்ளான் சொல்றதுக்கு நானும் தலையாட்டுறேன், ஆனா கொடுக்கிறதுன்னா ஜோடியாவே கொடுங்க.

அனிமோன்_அண்ணாச்சி:
உப்புத்தண்ணி, தொட்டிக்கு வயசு என்ன ஆச்சு? ஒரு வருஷம் தாண்டியிருந்தா என் யோசனை இன்னும் செல்லும்.

உப்புத்தண்ணி:
அண்ணாச்சி, இன்னும் ஒரு வருஷம் ஆகலை. இந்த வாரக் கடைசியில லெதர் வாங்கப் போறேன். கிள்ளான், ஒருவேளை சரிப்படலைன்னா உங்க மீன் ட்ராப் கடனாக் கிடைக்குமா?

கிள்ளான்_ரீஃப்:
ஜொகூர் பாரு வரைக்கும் கொண்டு வர்றேன். பாலத்தைத் தாண்டி நீங்க வாங்க.