அருங்காட்சியகத்தில் உங்களைக் கைவிட்ட ஆங்கிலச் சொல் எது?

செம்பருத்தி எழுதியது:

எட்டு மாதமாகிவிட்டது. அந்தக் காப்பாட்சியர் அம்மாளின் முகம் இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாணயப் பிரிவு. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். அருங்காட்சியகம் தொடர்பாக நாற்பது சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன். க்யூரேட்டர், ஆர்ட்டிஃபாக்ட், கேலரி, கலெக்ஷன் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அங்கிருந்த காப்பாட்சியர் தாமாகவே முன்வந்து ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினார். ஒரு பெட்டியில் நகக்கண் அளவுக்குத் தங்கக் காசு ஒன்று, ஓரத்தில் சற்றே நசுங்கியிருந்தது. "இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்வி. டூப்ளிகேட்தான். இதன் ஜோடி சேமிப்பறையில் இருக்கிறது" என்றார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். "ஃபேக் காசுக்கா இவ்வளவு பெரிய பூட்டு?" என்று கேட்டுவிட்டேன்.

அதுவரை சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி பேசிக்கொண்டிருந்தார். சாவிகள் நின்றன. "இது போலி என்று யார் சொன்னார்கள்?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த பெட்டிக்குப் போனோம், ஆனால் அதன் பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

நம் பேச்சில் டூப்ளிகேட் என்றால் போலி. நாணயங்களோடு பழகுபவர்களுக்கு டூப்ளிகேட் என்றால் ஒரே வகையில் கையிருப்பில் இருக்கும் இரண்டாவது காசு. இரண்டுமே அசல். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துத்தான் இது புரிந்தது. மனப்பாடம் செய்த நாற்பது சொல்லில் ஒன்றுகூட என்னைக் கைவிடவில்லை. சிறு வயதிலிருந்து தெரிந்த சொல்தான் கைவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

இரவுப்பறவை எழுதியது:

எனக்கு இன்விஜிலேட்டர். பகுதிநேர வேலை தேடிக்கொண்டிருந்தபோது 'கேலரி இன்விஜிலேட்டர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். தேர்வு அறைக் கண்காணிப்பு ஏற்கெனவே இரண்டு வருடம் செய்தவள் நான். ஓவியக் கல்லூரித் தேர்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பித்தேன், அழைப்பும் வந்தது.

நேர்காணலில் மூன்று பேர். "உங்கள் அறையில் ஒருவர் விதியை மீறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். "முதல்முறை எச்சரிப்பேன். இரண்டாம் முறை தாளை வாங்கிவிடுவேன்" என்றேன். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பேனா மேசையில் உருண்டுபோய்த் தண்ணீர்க் குவளையில் இடித்து நின்றது இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. அவர்கள் கேட்டது ஓவியத்தைத் தொட வருபவரைப் பற்றி.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் காட்சிக்கூட அறையில் நின்று பொருள்களைக் காவல் காப்பவருக்கும் இன்விஜிலேட்டர் என்ற பெயர் உண்டு. அட்டெண்டன்ட் என்றும் சொல்வார்கள். அமெரிக்க விளம்பரங்களில் கார்ட் என்றோ கேலரி அட்டெண்டன்ட் என்றோ இருக்கும். வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருட அனுபவத்தை அவ்வளவு உறுதியோடு எடுத்துச் சொன்னேனே, அதுதான் வலிக்கிறது.

எழுதுகோல் எழுதியது:

செம்பருத்தி, டூப்ளிகேட் என்ற சொல்லின் மேல் பழி போட வேண்டாம். ஆங்கிலத்தில் அது பொதுவாக ஏமாற்று வேலையைக் குறிப்பதில்லை. டூப்ளிகேட் சாவி பூட்டைத் திறக்கும், டூப்ளிகேட் ரசீது செல்லும். அந்த அம்மாளைப் புண்படுத்தியது உங்கள் இரண்டாவது கேள்வியில் வந்த ஃபேக். இதை எனக்கு என் மகள் கற்றுக்கொடுத்தாள். டைனோசர் எலும்புக்கூடு ஒன்றின் முன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றபோது, "இதெல்லாம் ஃபேக் எலும்பு" என்று சொல்லிவிட்டேன். அவள் கீழே இறங்கி, வெளியேறும் கதவு வரை என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். என் கதை அவ்வளவுதான்.

இனி எல்லோருக்குமாக ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் காஸ்ட். மூலப் பொருளின் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சில் வார்த்து எடுப்பது காஸ்ட். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1905 முதல் மக்கள் பார்த்துவந்த டிப்ளோடோகஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு ஒரு காஸ்ட். அதன் மூல எலும்புகள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் இருக்கின்றன. 2017இல் அதை மைய மண்டபத்திலிருந்து எடுத்துவிட்டு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டார்கள். அது அசல் எலும்பு. அதே நகரின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1873இல் திறந்த காஸ்ட் கோர்ட்ஸ் என்ற கூடங்களே உண்டு. உரோமின் டிராஜன் தூணிலிருந்து எடுத்த காஸ்டை முழு உயரத்துக்கு நிறுத்தக் கூரை போதாமல் இரண்டாக வெட்டி அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அடியில் நின்று யாரும் ஃபேக் என்று சொல்வதில்லை.

ரெப்ளிகா என்றால் ஒன்றைப் போலவே வெளிப்படையாகச் செய்த நகல். ஃபாக்சிமிலி பெரும்பாலும் கையெழுத்துப் பிரதி, கடிதம், அச்சுத்தாள் ஆகியவற்றுக்கு. கறை, கிழிசல் உட்பட அப்படியே எடுத்த நகல். ஃபோர்ஜரி என்றால் ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தது. ஃபேக் இதற்குப் பக்கத்து வீடு. ஃபேக்கா என்று காப்பாட்சியரிடம் கேட்டால் நீங்கள் ஏமாந்தீர்களா, இல்லை ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டது போலத்தான் ஆகும். "இஸ் திஸ் தி ஒரிஜினல் ஆர் எ ரெப்ளிகா?" என்று கேளுங்கள், ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொருளின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவர அட்டையின் பெயர் லேபிள். எல்லோரும் மேலிருந்து படித்துவிட்டுப் பாதியில் நகர்ந்துவிடுகிறார்கள். கடைசி வரியிலிருந்து படியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் அக்செஷன் எண் இருக்கும், அதாவது பொருளைச் சேர்க்கையில் பதிந்த எண். பல இடங்களில் முதல் பகுதி அது வந்து சேர்ந்த ஆண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹோமரின் மார்பளவுச் சிலையோடு அரிஸ்டாட்டில் நிற்பதாக டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த ஓவியத்தின் எண் 61.198. வரைந்தது 1653, அங்கே வந்தது 1961. பக்கத்தில் கிஃப்ட் ஆஃப் என்றிருந்தால் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது கொடுத்தது. பிக்வெஸ்ட் ஆஃப் என்றால் உயிலில் எழுதிவைத்தது.

மழைக்காகிதம் எழுதியது:

எழுதுகோல், லேபிளைக் கீழிருந்து படிக்கச் சொல்கிறீர்கள். நான் மேல்வரியிலேயே விழுந்தேன்.

வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு லேபிளில் 'ஆஃப்டர் ரெம்பிராண்ட்' என்று இருந்தது. "ரெம்பிராண்டுக்குப் பிந்தைய காலத்து ஓவியம்" என்று கணீரென்று சொன்னேன். என் பெரியப்பா அதைத் தன் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டார். எங்கே போனாலும் நோட்டில் எழுதுகிறவர் அவர். பின்னால் நின்ற முதியவர் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. என் தோளைத் தொட்டு, "தம்பி, ஆஃப்டர் என்றால் இங்கே காலம் இல்லை. ரெம்பிராண்டின் ஓவியத்தைப் பார்த்து வேறொருவர் வரைந்தது" என்று என் காதில் மட்டும் விழும்படி சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நான் திரும்பிப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. அவருடைய நோட்டில் அது இன்றும் அப்படியே இருக்கிறது.

அதன் பிறகுதான் பெயருக்கு முன்னால் வரும் இந்தச் சொற்களைத் தேடித் தேடிப் படித்தேன். ஓவியரின் பெயர் மட்டும் இருந்தால் அவருடையது என்று உறுதி. அட்ரிப்யூட்டட் டு என்றால் அவருடையதாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள், முழு உறுதி இல்லை. வொர்க்‌ஷாப் ஆஃப் என்றால் அவருடைய பட்டறையில், பெரும்பாலும் அவர் மேற்பார்வையில், மாணவர் கையால் வந்தது. சர்க்கிள் ஆஃப் என்றால் அவர் காலத்தவர், அவர் தாக்கம் பெற்றவர், பெயர் தெரியாதவர். ஃபாலோயர் ஆஃப் என்றால் அவர் பாணியைப் பின்பற்றியவர், மாணவராக இருந்திருக்க வேண்டியதில்லை. மேனர் ஆஃப் என்றால் பாணி மட்டும் அவருடையது, காலம் பிந்தியதாகவும் இருக்கலாம். ஆஃப்டர் என்றால் அவருடைய குறிப்பிட்ட ஓர் ஓவியத்தின் நகல். ஒரே ஓவியம் ஆய்வுக்குப் பிறகு இந்தப் படிகளில் மேலே ஏறுவதும் உண்டு, கீழே இறங்குவதும் உண்டு. விலையும் கூடவே ஏறி இறங்கும்.

நடைவண்டி எழுதியது:

மேலே இருப்பவர்களைவிட என் விஷயம் சிறியது. எக்ஸிபிட், எக்ஸிபிஷன். "நைஸ் எக்ஸிபிட்" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னேன். "எது?" என்று கேட்டு அறை முழுக்கத் தேடினாள். நான் மொத்தக் கண்காட்சியையும் சொல்ல வந்தேன். பிரிட்டிஷ் வழக்கில் எக்ஸிபிட் என்றால் காட்சிக்கு வைத்த ஒரு பொருள், எக்ஸிபிஷன் என்றால் முழுக் கண்காட்சி. அமெரிக்காவில் முழுக் கண்காட்சியையும் எக்ஸிபிட் என்பார்கள். நான் கற்ற ஆங்கிலம் ஒன்று, போன இடத்தின் ஆங்கிலம் ஒன்று.

இரவுப்பறவைக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரங்களைப் பார்க்கும்போது இன்டர்பிரெட்டேஷன் என்ற சொல்லிலும் கவனமாக இருங்கள். அருங்காட்சியகத்தில் அது மொழிபெயர்ப்பு வேலை இல்லை. பொருளைப் பார்வையாளருக்கு விளங்கவைக்கும் லேபிள், பலகை, ஒலிவழிகாட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் பெயர். கன்சர்வேட்டர் என்றால் பொருள் சிதையாமல் பார்த்துச் சிகிச்சை செய்பவர், க்யூரேட்டர் என்றால் சேகரிப்புக்குப் பொறுப்பானவர். பிரிட்டிஷ் வழக்கில் க்யூரேட்டர் என்று சொல்லும்போது அழுத்தம் 'ரே' மேல் விழும். அமெரிக்காவில் முதல் எழுத்தில் அழுத்திச் சொல்பவர்களும் உண்டு. லாஸ்ட் அட்மிஷன் என்று வாசலில் எழுதியிருப்பது மூடும் நேரமும் அல்ல, உள்ளே விடும் கடைசி நேரம். அதைக் குழப்பிக்கொண்டு மூடிய கதவின் முன் நின்ற நாளும் ஒன்று உண்டு, அதை விட்டுவிடுகிறேன்.

செம்பருத்தி எழுதியது:

எழுதுகோல், நீங்கள் சொன்னது சரி. ஃபேக்தான் அவரைப் புண்படுத்தியது. ஆனால் டூப்ளிகேட் என்று அவர் வாயிலிருந்து வராமல் இருந்திருந்தால் ஃபேக் என் வாயில் வந்திருக்காது. இரண்டையும் நான் ஒரே சொல்லாகத்தான் வைத்திருந்தேன். அதனால் டூப்ளிகேட்டை அவ்வளவு எளிதாக விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் அங்கே மறுபடி போகிறேன். உங்கள் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன்.

திண்ணை எழுதியது:

இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பழைய வெண்கல விளக்குகள் என்றால் உயிர். ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த விளக்கு ஒன்றைப் பத்திரிகைப் படத்தில் பார்த்து, அதை நேரில் பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அழைத்துப் போனேன். பெட்டிக்குள் விளக்கு இல்லை. அடியில் விரித்திருந்த நீலத் துணி சுற்றிலும் வெளிறிப்போய், விளக்கு நின்ற இடத்தில் மட்டும் வட்டமாக அடர்ந்த நீலம். ஓர் அட்டை. 'ஆன் லோன்'.

"என்ன போட்டிருக்கிறது?" என்று அப்பா கேட்டார். எனக்கு அவசரம், வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லோன் என்ற சொல்லைப் பார்த்ததும், "கடன் வாங்கியிருக்கிறார்கள் போல, அதற்காகக் கொடுத்துவிட்டார்கள் அப்பா" என்றேன். "அடகா?" என்றார். "அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவர் அந்த நீல வட்டத்தைப் பார்த்தபடி, "இவ்வளவு பெரிய இடமே மீட்க முடியாமல் கொடுத்துவிட்டதா" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசவில்லை.

அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று பொருள்களைக் கண்காட்சிக்காக இரவல் கொடுத்து வாங்குவதற்குத்தான் லோன் என்று பெயர் என்பது இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் அப்பா இல்லை.

எழுதுகோல் எழுதியது:

திண்ணை, வருத்தமாக இருக்கிறது. இரவல் போகும் பொருளோடு கூரியர் என்று ஓர் ஆளையும் அனுப்புவார்கள். தபால் கொண்டுவருபவர் இல்லை; அருங்காட்சியகத்தின் சொந்த அலுவலர். பெட்டியில் அடைப்பதிலிருந்து அங்கே இறக்கி வைப்பது வரை கூடவே இருப்பார். போகும் முன்னும் திரும்பிய பின்னும் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுவார்கள், ஒரு கீறல் விடாமல். உங்கள் அப்பாவின் விளக்கை அடகு வைத்த பொருள் போல யாரும் நடத்தியிருக்கமாட்டார்கள்.

அட்டையில் 'ஆன் லோன் டு' என்று இருந்ததா, 'ஆன் லோன் ஃப்ரம்' என்று இருந்ததா? டு என்றால் இங்கிருந்து போனது, திரும்பி வரும். ஃப்ரம் என்றால் வேறிடத்திலிருந்து இங்கே வந்தது.

திண்ணை எழுதியது:

டு. அன்று வெறும் பெட்டியைப் படம் எடுத்தேன், இன்னும் கைபேசியில் இருக்கிறது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். போன இடத்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் திரும்பி வரும் மாதமும் போட்டிருக்கிறது. நாங்கள் போனதற்கு அடுத்த மாதம்.