விடை எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தது

புத்தூர் ரீச்சர்

எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒவ்வொரு வாணிவிழாவுக்கும் பொது அறிவுப் போட்டி நடக்கும். பதினொரு வருடமாகக் கேள்வி தயாரிப்பது நான். இந்த முறை நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

"யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது என்ன பாறை?" என்று கேட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நான் கேட்டு முடிக்கவும் விடவில்லை. "மயோசீன் சுண்ணக்கல்!" ஐந்து புள்ளி. போட்டி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது அதே பிள்ளை பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "ரீச்சர், சுண்ணக்கல் எண்டால் எப்பிடி இருக்கும்?"

அவள் வீட்டுக் கிணற்றைச் சுற்றி உள்ளே தெரிவது முழுக்க அந்தக் கல்தான். பிறந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். பிழை அவளிடம் இல்லை. வசனத்தை மட்டும் மனப்பாடமாக்கிக் கொடுத்தது நாங்கள்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளை நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனேன். இராமர் அம்பை ஊன்றிய இடம், போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்ற கதைகள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. நான் சின்னனாக இருந்தபோது அவர் ஒரு சோடாப் போத்தலைக் கனத்த கல்லோடு சேர்த்துக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்கு வேறு ஒரு கயிறு போட்டு, இதே கிணற்றில் இறக்கினார். இரண்டு துலாக்கயிற்றை முடிந்தும் அடி தட்டவில்லை. அந்த ஆழத்தில் தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுத்தார். கொஞ்ச நேரம் குமிழி குமிழியாக வந்தது. போத்தலை மேலே எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்கச் சொன்னார். கரித்தது. பிறகு மேல்தண்ணீரை வாளியில் அள்ளித் தந்தார். நல்ல தண்ணீர்.

சுண்ணக்கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மாரி மழை அதற்குள்ளால் இறங்குகிறது; கடல்நீர் அடியால் உள்ளே வருகிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இரண்டு பேரின் பெயரால் அந்த விதியைச் சொல்வார்கள். இதை மறுபக்கமாகப் பாருங்கள். மேலே ஓர் அடியை நிரந்தரமாக இறைத்துவிட்டால் கீழேயிருக்கும் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று ஒன்று இல்லாத மண் இது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதக் கால் களைத்ததும் கிணறும் ஓய்ந்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை.

இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை கேட்டாள்: "அப்ப எங்கட கிணறு இந்த வருசம் கரிக்கிறது இதாலையோ?" அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாள் முழுக்க மோட்டர் ஓடுகிறது. என் பதினொரு வருடக் கேள்வித்தாள்களில் இதைவிட நல்ல கேள்வி ஒன்றும் இல்லை.

பொது அறிவு என்று படித்த ஒரு விடையைப் பிறகு நேரில் கண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள்.


அனலைதீவான், ரொட்டர்டாமிலிருந்து

ரீச்சர், எனக்கு இது ரயிலில் நடந்தது.

ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள் என்று ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். படித்தது, மறந்தது. இங்கே வந்த புதிதில் ஆம்ஸ்டர்டாமில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அரைத் தூக்கம். ஹார்லெம் என்று அறிவித்தார்கள். பிறகு லைடன். டென்ஹாக் தாண்டி டெல்ஃப்ட் என்ற பலகையைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

காரைநகர் ஆம்ஸ்டர்டாம். நயினாதீவு ஹார்லெம். வேலணை லைடன். நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசியில் நான் இறங்கிய ரொட்டர்டாம், என் அனலைதீவு. ஒரே தண்டவாளத்தில் வரிசையாக எங்கள் தீவுகள்! புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், எழுவைதீவுக்கு ஹூர்ன். அந்த இரண்டும் இந்தப் பாதையில் இல்லை. இவற்றில் ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹூர்ன் ஐந்தும் 1602இல் தொடங்கிய அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கிளை இருந்த ஊர்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் வீட்டு நினைவில் பெயர் வைத்திருக்கிறார்கள். டெல்ஃப்ட் ஒன்றுதான் இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது.

இன்னொன்று. என்னோடு வேலை செய்யும் ஒல்லாந்துப் பெண்ணுக்கு எங்கள் பக்கத்து வரைபடத்தைக் காட்டினேன். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையில் விரல் வைத்து "ஹம்மன்ஹீல்" என்று வாசித்துவிட்டு, இதற்குப் பன்றித் தொடையின் குதி என்றல்லவா அர்த்தம் என்றாள். இலங்கையின் உருவம் அவர்களுக்கு உப்பிட்ட பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோட்டை அதன் குதிக்கால். நாங்கள் மாங்காய் என்றும் கண்ணீர்த்துளி என்றும் சொல்கிற அதே உருவம்.


பருத்தித்துறைக் கடற்கரையான்

நான் பள்ளிக்காலத்தில் கொழும்பில் நடந்த ஒரு வினாடி வினாவுக்கு எங்கள் பாடசாலைக்காகப் போனேன். "பருத்தித்துறைக்குப் பொயின்ற் பீட்ரோ என்ற பெயர் எப்படி வந்தது?" என்பது கேள்வி. "கற்கள் உள்ள முனை" என்றேன். விடைத்தாளில் "பேதுரு என்ற மாலுமி" என்று இருந்ததாம். புள்ளி தரவில்லை. ஒரு புள்ளியால் தோற்றோம்.

போர்த்துக்கேயர் வைத்த பெயர் போன்ரா தாஸ் பேத்ராஸ். பேத்ரா என்றால் கல். இதை எனக்குச் சொன்னது ஒரு பாதிரியார். ஆனால் அவர் சொல்லித்தான் நான் நம்பினேன் என்றில்லை. எங்கள் கரையில் வள்ளம் இழுத்தவனுக்குக் கால் சொல்லும். சக்கோட்டை முனையில், இலங்கைத் தீவின் வட அந்தலையில், கடல் வத்துகிற நேரம் போய்ப் பாருங்கள். பாசி பிடித்த கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்பு அந்தக் கல்லில் வழுக்கி விழுந்து முழங்கை முறிந்தவர். மாலுமியாவது பேதுருவாவது! இன்றைக்கும் அந்த ஒரு புள்ளி எனக்குச் சேர வேண்டியது.


கொடிகாமத்துப் பெடியன்

சின்ன விசயம்தான். "ஆண், பெண் தனித்தனி மரமாக உள்ள தாவரம் எது?" விடை பனை. பாடமாக்கி வைத்திருந்தேன். பிறகு ஐயா வேலியோரம் போட்ட பனம்விதைகள் வடலியாகி நின்றபோது "எது பெண், எது ஆண்?" என்று கேட்டேன். "பாளை வந்தால்தான் தெரியும், பொறு" என்றார். பன்னிரண்டு, பதினைந்து வருடம் பொறுக்க வேண்டும் என்று அப்போது சொல்லவில்லை. ஒன்பது மரத்தில் நாலு பெண். முதல் நுங்கு வெட்டியபோது ஐயா இல்லை.


கோண்டாவில் அக்கா

எனக்குச் சூரியன்.

"சூரியன் நேர் உச்சியில் வருவது எப்போது?" என்று யாரிடமும் கேட்டுப் பாருங்கள். "தினமும் பன்னிரண்டு மணிக்கு" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் இருக்கிற ஊர்களில் மட்டும், அதுவும் வருடத்தில் இரண்டே நாள்தான் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். யாழ்ப்பாணத்துக்கு அந்த முதல் நாள் ஏப்ரல் 14, 15ஐ ஒட்டி வருகிறது. அதாவது எங்கள் சித்திரை வருடப்பிறப்பு!

இது தெரிந்த வருடம் நான் வீட்டில் பெரிய அமளி பண்ணினேன். மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேடம் வாங்கி, எல்லாரும் சாப்பாட்டுக்கு அடுக்குப் பண்ணும் நேரம் நான் உலக்கையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அம்மம்மா, "நல்ல நாளும் அதுவுமாய் என்ன பிள்ளை இது?" என்று பின்னால் வந்தா. தம்பி நூலில் கல்லைக் கட்டித் தூக்குப் பிடித்து உலக்கையை நேராக நிறுத்தினான். பன்னிரண்டுக்கு உலக்கை அடியில் ஒரு விரல் நீளத்துக்கு நிழல் மேற்கே கிடந்தது. நாங்கள் பேசவில்லை. அது ஒடுங்கி ஒடுங்கி வந்தது. பன்னிரண்டு பத்துக்கு நிழலே இல்லை. உலக்கைப் பூணைச் சுற்றி வெறும் வெயில். எங்கள் எல்லாருடைய நிழலும் காலடிக்குள் போய் ஒளிந்துவிட்டது. பன்னிரண்டேகால் ஆகவும் கிழக்குப் பக்கமாக மெல்லிய கோடு ஒன்று எட்டிப் பார்த்தது.

அம்மம்மா குனிந்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தா. "எண்பது வருசமாய் இந்த முத்தத்தைக் கூட்டுறன், ஒரு நாளும் பார்க்கேல்லை" என்றா.

இரண்டாம் முறை ஆகஸ்ட் கடைசியில் வரும். ரொட்டர்டாம் தம்பி, உங்கள் ஊருக்கு அந்த நாள் எந்தக் காலத்திலும் வராது. ஊருக்கு வரும்போது சித்திரையில் வாருங்கள்.


இணுவிலான்

அக்கா சொன்னதும் 2010 ஜனவரி 15 நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப்பொங்கல். கங்கண சூரியகிரகணம் எங்கள் ஊருக்கு மேலாலே போனது. மத்தியானம் திரும்பிய நேரத்தில் ஏறக்குறைய பத்து நிமிடம் சூரியன் மோதிரமாக நின்றது. நான் மேலே பார்க்கவில்லை, கண்ணாடி கிடைக்கவில்லை. மாட்டைக் கட்டியிருந்த மாமரத்தின் கீழ் பார்த்தேன். இலை இடுக்கால் விழும் வெயிற்பொட்டு ஒவ்வொன்றும் மோதிரம். மாட்டின் முதுகிலும் மோதிரம். ஊசித்துளைப் படப்பெட்டி என்று விஞ்ஞானப் புத்தகத்தில் கீறிப் படித்தது அதுதான் என்று அப்போது பிடிபட்டது.


மானிப்பாய் நேர்ஸ், இளைப்பாறியவர்

நான் தாதியர் பயிற்சிக்குப் போனபோது ஒரு விரிவுரையாளர், தமிழில் மருத்துவம் சொல்லவே முடியாது என்று வகுப்பில் அடித்துச் சொன்னார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தலையாட்டினேன்.

பல வருடம் கழித்து, பெரியப்பா செத்தவீட்டுக்குப் பிறகு அவருடைய பெட்டகத்தை ஒதுக்கினோம். சேலைத் துணியில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம். ஓரம் எல்லாம் செல் அரித்து, தொட்டால் உதிர்கிறது. "இரண வைத்தியம்", 1867. அறுவைச் சிகிச்சை நூல், முழுக்க முழுக்கத் தமிழில். செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழ் படித்து, பெடியளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்த மனிதர். 1872இல் உடற்கூற்றுக்கு "மனுஷ அங்காதிபாதம்", 1875இல் இரசாயனத்துக்குக் "கெமிஸ்தம்" என்று அடுத்தடுத்து வந்திருக்கின்றன. "கிறீன் பிறந்த ஆண்டு 1822" என்று நான் பள்ளியில் எழுதிப் புள்ளி வாங்கியவள்தான். ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டு என்று சேர்த்து எழுதினால் கூடுதல் புள்ளி. அந்த ஆள் என்ன செய்தார் என்பது அந்தப் பெட்டகத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நூறு வருடத்துக்கு முன்னரே முடிந்த காரியத்தை முடியாது என்று சொல்லி எங்களை நம்பவைத்துவிட்டார்கள்.


வண்ணார்பண்ணை ஐயா

பிள்ளை மானிப்பாயைத் தொட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன்.

தமிழில் முதல் கலைக்களஞ்சியம் எது? "அபிதானகோசம்". 1902. எழுதியவர் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை. "அபிதான சிந்தாமணி" 1910இல்தான் வந்தது. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் இதைச் சொல்வார்கள்.

எனக்குப் பதினேழு வயதில் அந்தப் புத்தகத்தின் மேல் பெரிய ஆசை. விலைக்குக் கிடையாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தது, ஆனால் வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதனால் பின்னேரங்களில் சைக்கிளை வெளியே பூட்டிவிட்டுப் போய் இருந்து கொப்பியில் பார்த்தெழுதத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம். அகத்தியரில் தொடங்கி வரிசையாக வந்தேன். 1981 மே கடைசிக் கிழமை "த" எழுத்துக்கு வந்திருந்தேன். கடைசியாக எழுதியது தமயந்தி. நளன் மனைவி என்று எழுதி, இருட்டிவிட்டது என்று மூடினேன். மே 31 இரவு நூலகத்தை எரித்தார்கள். 97,000 புத்தகங்கள். விடியப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். கையில் அந்தக் கொப்பி.

பிறகு எத்தனையோ இடம் பெயர்ந்தோம். சமையல் பாத்திரத்தைக்கூட விட்டுவிட்டு ஓடியிருக்கிறோம். கொப்பி கூடவே வந்தது. போன தையில் மகள் இணையத்தில் அந்தப் புத்தகத்தை அப்படியே எடுத்துக் காட்டினாள், பக்கம் பக்கமாகப் படம் பிடித்தது. "அச்செடுத்துத் தரட்டா அப்பா?" என்றாள். வேண்டாம் என்றுவிட்டு அதே கொப்பியைத் திறந்து, தமயந்திக்குக் கீழே பேனையை வைத்தேன். கண் முந்திப்போல இல்லை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது.

நேற்றிரவு நளனுக்கு வந்து சேர்ந்தேன்.