அப்போது அவள் கை என்ன பண்ணிக்கிட்டிருந்தது?

கதை எழுதுவதில் எப்போது புத்தி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒரே ஒரு கேள்வியில் வந்தது.

என் கதையில், அப்பா இறந்து இரண்டாம் நாள், மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். "துக்கம் நெஞ்சை அடைத்தது, சொல்லொணா வெறுமை அவளைச் சூழ்ந்தது" என்று முக்கால் பக்கம் எழுதி, படித்துப் பார்த்து நானே கண் கலங்கிவிட்டேன். எழுத்தில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தவர், "எல்லாம் சரி, அப்போ அவ கை என்ன பண்ணிக்கிட்டிருந்தது?" என்றார். பதில் இல்லை. முக்கால் பக்கம் எழுதியவனுக்கு அவள் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்றுகூடத் தெரியாது!

கோபம்தான் வந்தது. இரண்டு வாரம் அந்தக் கதைப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி, துக்கம், வெறுமை, கண்ணீர் என்ற மூன்று சொற்களையும் தொடுவதில்லை என்று உட்கார்ந்தேன். வந்தது இது:

"எட்டு மணிக்கு அப்பாவின் போனில் அலாரம் அடித்தது. மாத்திரை நேரம். எழுந்து போய்த் தண்ணீர் பிடித்தாள். டம்ளர் நிறைந்த பிறகுதான் யாருக்கு என்று யோசித்தாள். அலாரத்தை அணைக்கவில்லை. பத்து நிமிடம் தள்ளிவைத்தாள்."

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தின் கீழ் மட்டும் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தார்.

ஆனால் இதுவும் ஒரு போதைதான். அடுத்த ஆறு மாதம் என் கதைகளில் எவனும் வாயைத் திறந்து "பயமா இருக்கு" என்று சொல்லவில்லை. எல்லோரும் எதையாவது திருகிக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமானதற்கு ஒருவன் அரைப் பக்கம் சட்டைப் பொத்தானைத் திருகினான். "பதறினான்" என்று எழுதிவிட்டு அவனைப் பஸ் ஏற்றியிருக்கலாம்.

*

நானும் கதை எழுதுகிறவன்தான். முதலில் எழுதிய உங்களுக்கு டம்ளர், எனக்குச் சுவர்க்கடிகாரம். யாரும் சுடப்போவதில்லை என்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்கக் கூடாது என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதைப் படித்த சூட்டில் என் கதையைப் புரட்டினேன். முதல் பத்தியிலேயே நின்றுபோன கடிகாரம். அப்புறம் அதன் பேச்சே இல்லை. எடுக்க மனசில்லாமல், முடிவில் அதைத் திடீரென்று ஓடவிட்டேன். படித்த தங்கை, "நீயே சாவி குடுத்தியாண்ணா?" என்று சிரித்தாள். கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

உங்கள் இருவருக்கும் டம்ளரும் கடிகாரமும் என்றால், மூன்றாவது ஆளான என் வியாதி வசனம். வினவினான், முழங்கினான், முணுமுணுத்தான் என்று விதவிதமாகப் போடுவேன். ஒருநாள் அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, வெறும் பேச்சை மட்டும் சத்தமாகப் படித்தேன். எழுபது வயதுத் தாத்தாவும் பன்னிரண்டு வயதுப் பேரனும் ஒரே ஆளாகப் பேசினார்கள், அதாவது என்னைப் போல. சொற்களை மாற்றிப் பார்த்தேன், பெரிதாகப் பலனில்லை. தாத்தா எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று வைத்துக்கொண்டதும்தான் ஆள் எழுந்து உட்கார்ந்தார்.

"தாத்தா, அப்பா எப்ப வருவாரு?"

"வாசக் கதவைச் சாத்தாதே."

இதில் "என்றார்" போட இடமே இல்லை.