உதவி: "சும்மா கிடைக்கிற சர்வருக்கு யார் பொறுப்பு?" என்று எம்.டி. கேட்கிறார்

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐ.டி. பார்க்கிறேன். ஐ.டி. என்றால் நான் ஒருவன்தான். எங்கள் ஃபைல் சர்வரில் இன்னும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடுகிறது. அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. சர்வருக்கு வேலை இரண்டுதான்: ஆர்டர் ஃபைல்கள் இருக்கும் ஷேர் (எல்லாரும் திறக்கும் பொது ஃபோல்டர்), பிஎச்பி மொழியில் எழுதிய ஸ்டாக் புரோகிராம். டொமைன் (எல்லாருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது.

உபுண்டு (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்), சாம்பா (விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஷேர் தரும் புரோகிராம்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) என்று மாற்றலாம் என எழுதிக் கொடுத்தேன். மூன்றும் ஓப்பன் சோர்ஸ், அதாவது கோட் எல்லாருக்கும் திறந்திருக்கும். லைசன்ஸ் செலவே இல்லை என்பதுதான் முதல் வரி. எம்.டி. படித்துவிட்டு, "சும்மா கிடைக்கிறதுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேட்கிறது?" என்றார். "கோட் எல்லாருக்கும் தெரியும்னா திருடனுக்கும் தெரியும்ல?" என்றார் ஆடிட்டர். அடுத்த வாரம் மீட்டிங். புது விண்டோஸ் சர்வருக்கான கொட்டேஷனும் அங்கே இருக்கும். இவர்களுக்குப் புரியும்படி எப்படிப் பேசுவது?

பழைய அட்மின்:
தம்பி, எம்.டி. கேட்டது நியாயமான கேள்வி. நிட்டிங் மெஷின் வாங்கும்போதும் அவர் இதைத்தானே கேட்பார்: ஸ்பேர் கிடைக்குமா, மெக்கானிக் உண்டா? அதற்குப் பதில் சொல்லாமல் விலையைச் சொன்னால் சந்தேகம்தான் கூடும். ஒரு பக்கம் எழுதுங்கள். ஓப்பன் சோர்ஸ் என்ற சொல்லே அதில் வேண்டாம். சர்வர் நின்றால் எத்தனை மணி நேரத்தில் திரும்பும், யாருக்குப் போன் போடுவது, நீங்கள் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பார்கள், இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

இரண்டாவதற்குப் பெயரும் நம்பரும் வேண்டும். கோவையிலோ திருப்பூரிலோ லினக்ஸ் பார்க்கும் ஒருவரிடம் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொட்டேஷன் வாங்கி இணைத்துவிடுங்கள். உபுண்டுவைத் தயாரிக்கும் கனோனிக்கல் நிறுவனமும் காசுக்கு சப்போர்ட் தருகிறது. 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்புக்கு 2029 வரை அப்டேட் இலவசமாகவே வரும். லைசன்ஸுக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கை ஏஎம்சிக்கும் இன்னொரு பேக்கப் டிஸ்க்குக்கும் ஒதுக்குங்கள். செலவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை.

மூன்றாவது கேள்வியை நீங்களே எழுப்புங்கள். ஒரே ஆளை நம்பி சர்வர் இருப்பதுதான் முதலாளிக்குப் பெரிய பயம். செட்டப் முழுவதையும் எழுதி, பாஸ்வேர்டுகளைக் கவரில் வைத்து சீல் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
கொட்டேஷனைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் லைசன்ஸ் கோர் (பிராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் பகுதி) கணக்கில் வரும். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ ஒரு சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்தும் உரிமம்). நீங்கள் 2012-க்கு வாங்கிய சிஏஎல், புதுப் பதிப்புக்குச் செல்லாது. பல கொட்டேஷன்களில் இந்த வரி இருக்காது, பிறகு தனியாக வரும். இருக்கிறதா என்று மீட்டிங்குக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கதவுக்காவல்:
ஆடிட்டர் கேட்டதற்கு நேரான பதில் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவிக்குள் ஒருவர் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தது வெளியே வந்தது. அதைப் பிடித்தவர் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்தார். கோட் கையில் இருந்ததால்தான் மூலம் வரை போக முடிந்தது. டெபியன் என்ற லினக்ஸின் நிலையான பதிப்புக்குள் அது வருவதற்கு முன்பே சிக்கியது.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பின்கதவு வைத்தவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த பங்களிப்பாளர். திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. அப்டேட்டை யார், எந்தக் கிழமை போடுகிறார் என்பதில்தான் இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதுங்கள், ஆடிட்டருக்கு அதுதான் வேண்டும்.

இன்னொன்று: மத்திய அரசு 2015-இல் ஓப்பன் சோர்ஸ் கொள்கை வெளியிட்டது. அரசுத் துறைகள் மின்னாளுமைத் திட்டங்களுக்கு இதையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டை 2019-இல் வாங்க ஐபிஎம் கொடுத்தது சுமார் 3,400 கோடி டாலர். "சும்மா கிடைப்பது" என்ற பேச்சுக்கு இந்த இரண்டும் போதும்.

நூல்கண்டு:
எல்லாருக்கும் நன்றி. டேலி? அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் தனி விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறது. அதையும் மாற்றணுமா என்று கட்டாயம் கேட்பார்கள்.

பழைய அட்மின்:
தொடவே வேண்டாம். டேலி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், "அக்கவுண்ட்ஸில் ஒன்றும் மாறாது" என்பதை முதல் வரியாகவே போடுங்கள். ஷேரை மட்டும் இப்போது மாற்றுங்கள். ஸ்டாக் புரோகிராம் பிறகு. இரண்டும் மாறிய பின் பழைய சர்வரைக் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள்.

அப்புறம், பேச்சைக் குறைத்துக் காட்டிவிடுங்கள். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு, இசட்எஃப்எஸ் (ஸ்னாப்ஷாட் எடுக்கத் தெரிந்த ஃபைல் சிஸ்டம்), சாம்பா போட்டு, மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலை) எடுக்க விடுங்கள். ஸ்னாப்ஷாட்டுகளை விண்டோஸுக்குக் காட்டும் ஷேடோ காப்பி 2 மாட்யூலைச் சாம்பாவில் ஆன் செய்யுங்கள். மீட்டிங்கில் எம்.டி.யின் விண்டோஸ் லேப்டாப்பிலேயே ஷேரைத் திறந்து, எக்செல் காப்பி ஒன்றை அவரையே கெடுக்கச் சொல்லுங்கள். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ். ஒரு மணி நேரத்துக்கு முந்தைய ஃபைல் அங்கே நிற்கும். ரீஸ்டோர் அழுத்தினால் வந்துவிடும். "மெர்ச்சண்டைசர் யாராக இருந்தாலும் என்னைக் கூப்பிடாமலே இதைச் செய்யலாம்" என்று சொல்லுங்கள். ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது, டிஸ்க் போனால் அதுவும் போகும் என்பதையும் சொல்லி, வெளியே வைக்கும் காப்பிக்குப் பணம் கேளுங்கள்.

நூல்கண்டு:
இப்போதே போட்டுப் பார்த்தேன் அண்ணா. ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் பட்டியல் காலியாக வருகிறது. இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கின்றன.

பழைய அட்மின்:
ஸ்னாப்ஷாட் பெயரும் சாம்பா கான்ஃபிக்கில் ஷேடோ:ஃபார்மேட் வரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஷேடோ:ஸ்னாப்டிர் வரியும் .zfs/snapshot என்று இருக்க வேண்டும். இரண்டையும் சரிசெய்ததும் பட்டியல் வரும். பெயரில் நம்ம ஊர் நேரம் இருந்தால் ஷேடோ:லோக்கல்டைம் என்பதை எஸ் (yes) என்று வையுங்கள். இல்லாவிட்டால் சாம்பா அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். மீட்டிங்குக்கு முன்னால் எம்.டி. லேப்டாப்பிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.