முன்பக்க ஷாக், லிங்க் ராட், லோயர் ஆர்ம் எல்லாம் புதுசு. இடது பக்கம் "டொக் டொக்", ஸ்டீயரிங் திருப்பினா "டங்"

தர்மபுரி_டீசல்:

வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல். முன்பக்கம் ரெண்டு ஷாக், டாப் மவுண்ட் (ஷாக்கோட மேல் முனையை பாடியில பிடிக்கிற ரப்பர் பீஸ்), லிங்க் ராட் (ஸ்டெபிலைசர் பாரை ஷாக்கோட இணைக்கிற சின்ன கம்பி), லோயர் ஆர்ம் (வீலை அடியில பிடிக்கிற கை; ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட்டோட முழு செட்) மாத்தியாச்சு. எல்லாம் வெளி மார்க்கெட் ஐட்டம். காயில் ஸ்பிரிங்கும் டாப் மவுண்ட் பேரிங்கும் மட்டும் பழசையே போட்டிருக்கு.

சத்தம் ரெண்டு விதம். ஒட்டுப் போட்ட ரோட்டுல 15–20 கி.மீ. வேகத்துல போனா இடது முன் வீல்கிட்ட "டொக் டொக்". நாலுவழிச் சாலையில 80ல போனா ஒண்ணும் கேக்கல. அடுத்தது, நின்ன இடத்துல ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பினா நடுவுல "டங்"னு ஒரு அடி, அது ஸ்டீயரிங்லயும் தெரியுது. மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டுமே இல்ல. அப்ப ஷாக்ல ஆயில் லீக்கும் ஆர்ம் புஷ் கிழிசலும்தான் பிரச்சினை.

"புது ஐட்டம், 500 கி.மீ. ஓடினா செட் ஆகிடும்"னு மெக்கானிக் சொல்றார். சரியா? கடைக்காரர் ஷாக்கைத் திருப்பி எடுத்துக்கறேங்கறார். கழட்டிக் கொடுத்துடலாமா?

கிருஷ்ணகிரி_பிட்:

இப்போதைக்கு எதையும் கழட்டிக் கொடுக்காதீங்க. ஒரே நேரத்துல இத்தனை பார்ட் மாத்தின வண்டியில சத்தம் வந்தா, பார்ட் கெட்டதைவிட மாட்டினது சரியில்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

"செட் ஆகிடும்"ங்கறது ஒரே ஒரு விஷயத்துக்குப் பொருந்தும். ஷாக் கடையில படுக்க வெச்சுக் கிடந்தா உள் சிலிண்டருக்குள்ள காத்து ஏறிடும். மாட்டறதுக்கு முன்னாடி நிமிர்த்திப் பிடிச்சு ராடை முழுசா இழுத்து, முழுசா அமுக்கி, நாலஞ்சு தடவை செய்யணும். செய்யாம மாட்டினா கொஞ்ச தூரம் லேசா தட்டிட்டு அடங்கிடும். இரும்போட இரும்பு மோதற சத்தம் அப்படி அடங்காது. ஓட ஓட போல்ட் ஓட்டை நீளும், அதிகமாத்தான் ஆகும்.

உங்க சத்தம் ரெண்டுக்கும் காரணமும் வேற வேறயா இருக்கும். தனித்தனியா தேடுங்க.

முதல்ல "டங்". வண்டி தரையில நிக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒருத்தர் ஸ்டீயரிங்கை மெதுவா திருப்பட்டும். இன்னொருத்தர் வீல் ஆர்ச் வழியா ஸ்பிரிங்கோட வெளிப்பக்கத்தை உள்ளங்கையால தொட்டுப் பாக்கணும் (சுருளுக்கு நடுவுல விரலை விடக்கூடாது). நல்ல பேரிங்னா ஸ்பிரிங் வீலோட சேர்ந்து வழவழன்னு திரும்பும். முறுக்கிக்கிட்டு நின்னு, திடீர்னு விட்டுச்சுன்னா அதுதான் உங்க "டங்". காரணம் மூணுல ஒண்ணு: பழைய பேரிங் இறுகிப் போயிருக்கும், பேரிங்கைத் தலைகீழா போட்டிருப்பாங்க, இல்லன்னா ஸ்பிரிங்கோட அடி முனை ஷாக் தட்டுல இருக்கிற படிக்கட்டுல போய் உக்காந்திருக்காது. கடைசியா சொன்னதை வெளியிலிருந்தே டார்ச் அடிச்சுப் பாக்கலாம். ஸ்பிரிங் முனைக்கும் படிக்கும் நடுவுல விரல் நுழையிற இடைவெளி இருந்தா தப்பு.

அடுத்து "டொக்". சின்ன வேகத்துல மட்டும் கேக்குதுன்னா லிங்க் ராட், டாப் நட் (ஷாக் ராடை டாப் மவுண்ட்ல பிடிக்கிற நட்), பிரேக் காலிப்பர் மூணு மேலயும் சந்தேகம் வரணும். ரெண்டு வீலும் ஒண்ணா ஏறற மாதிரி ஸ்பீட் பிரேக்கர்ல நேரா ஏறுங்க. அப்புறம் ஒரு வீல் மட்டும் பள்ளத்துல இறங்கற மாதிரி ஓட்டுங்க. ரெண்டு வீலும் ஒண்ணா ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் (ரெண்டு முன் வீலையும் இணைச்சு, வண்டி சாயறதைக் குறைக்கிற கம்பி) முறுக்காது, அதனால லிங்க்ல பெருசா லோடு வராது. ஒரு வீல் மட்டும் இறங்கும்போதுதான் லிங்க் தட்டும்.

அதே கரடுமுரடான இடத்துல பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போயும் பாருங்க. சத்தம் நின்னுட்டா அது சஸ்பென்ஷனே இல்ல. காலிப்பர் பின்னோ பிரேக் பேட் கிளிப்போ ஆடுது. ஷாக் மாத்தும்போது காலிப்பரையும் அசைச்சிருப்பாங்க, கிளிப் கீழ விழுந்திருக்கலாம்.

தர்மபுரி_டீசல்:

ரெண்டையும் பாத்தாச்சு அண்ணா. ஸ்பிரிங் வலது பக்கம் வழவழன்னு திரும்புது. இடது பக்கம் நீங்க சொன்ன மாதிரியே முறுக்கிட்டு விடுது, அடி முனையிலயும் நல்ல இடைவெளி தெரியுது. பிரேக் மிதிச்சாலும் "டொக்" நிக்கல. ஸ்பீட் பிரேக்கர்ல நேரா ஏறினா சத்தம் ரொம்பக் குறைவு, ஒரு வீல் மட்டும் இறங்கினா நல்லாவே கேக்குது. லிங்க் ராடைக் கையால ஆட்டினா ஆடலியே?

கிருஷ்ணகிரி_பிட்:

கையால ஆட்டினா தெரியாது. வண்டி நிக்கும்போது லிங்க்ல லோடு இருக்கும், அதுவே பிடிச்சு வெச்சுக்கும். ரெண்டு முன் வீலையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்ட் வெச்ச பிறகு ஆட்டணும். வெறும் ஜாக்கியில நிக்கிற வண்டிக்கு அடியில போகவே கூடாது.

லிங்க்ல வழக்கமா நடக்கிற தப்பு ஒண்ணு உண்டு. நட்டை முறுக்கும்போது பால் ஸ்டட்டும் (லிங்க் முனையில இருக்கிற மரை போட்ட தண்டு) சேர்ந்தே சுத்தும். "இறுகிடுச்சு"ன்னு விட்டுடுவாங்க, ஆனா ஸ்டட்டோட தோள்பட்டை ஷாக் பிராக்கெட்ல ஒட்டியிருக்காது. ஸ்டட் முனையில ஆலன் கீ குழி இருக்கும் (5 அல்லது 6 எம்எம், வாங்கின லிங்க்கைப் பொறுத்தது). அதைப் பிடிச்சுக்கிட்டு ஸ்பேனரால நட்டை முறுக்கணும், இம்பாக்ட் கன் வேண்டாம். பழைய நட்டைத் திரும்பப் போட்டிருந்தா தூக்கிப் போட்டுட்டு, லிங்க்கோட வந்த புது லாக் நட்டையே போடுங்க.

அப்படியும் சந்தேகம் தீரலன்னா ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டி, ஸ்டெபிலைசர் பாரும் தொங்கற லிங்க்கும் எதுலயும் இடிக்காம கட்டி வெச்சு, தெருவுக்குள்ள 20க்குக் கீழ ஓட்டிப் பாருங்க. சத்தம் போயிட்டா லிங்க் இல்லன்னா பார் புஷ் (பாரை வண்டியில பிடிக்கிற ரப்பர்), போகலன்னா வேற இடம். அந்த நிலையில வளைவுல வண்டி அதிகமா சாயும். டெஸ்ட் பண்றேன்னு தொப்பூர் கணவாய்ப் பக்கம் போயிடாதீங்க.

ஸ்பிரிங் வேலைக்கு ஷாக்கை முழுசா இறக்கணும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு அமுக்காம டாப் நட்டைத் தொடவே கூடாது. அமுங்கின ஸ்பிரிங் தெறிச்சா உயிர் போற அடி விழும். பழைய பேரிங்கை இப்பவே மாத்திடுங்க, ரெண்டு பக்கமும். டாப் நட்டை இறுக்கும்போது ராடை ஆலன் கீ போட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. பிளையரால பிடிச்சா குரோம்ல கீறல் விழும், அந்தக் கீறல் சீலைக் கிழிச்சு, புது ஷாக்லயே ஆயில் லீக் ஆகும். டஸ்ட் கவரும் பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுசா அமுங்கும்போது அடி தாங்கற ரப்பர்) உள்ள இருக்கான்னு அப்பவே பாத்துடுங்க. பழைய ஷாக்லயே விட்டுட்டு வர்றது அடிக்கடி நடக்குது.

ஓசூர்_அலைன்மெண்ட்:

லோயர் ஆர்மும் மாற்றியிருக்கிறீர்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைக்குச் சத்தம் வராவிட்டாலும் சில மாதங்களில் வரக்கூடிய இடம் அது.

வண்டியைத் தூக்கி, வீல் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ஆர்ம் புஷ்ஷின் நடுக்குழாய் போல்ட் இறுக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் முறுக்கிக்கொடுத்துத்தான் ஆர்ம் மேலும் கீழும் போகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் முறுக்கிக் கிழிந்துவிடும். "புது ஆர்ம் ஆறு மாதம்கூட நிற்கவில்லை" என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

திருத்துவது எளிது. பிட் அல்லது நாலு தூண் லிஃப்டில், நாலு வீலிலும் எடை இருக்கும்படி நிறுத்துங்கள். ஆர்ம் போல்ட்டுகளை அரைச் சுற்றோ ஒரு சுற்றோ தளர்த்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். ரப்பர் தன் இயல்பான இடத்துக்கு வந்துவிடும். பிறகு சர்வீஸ் மேனுவல் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ரெஞ்சில் கிலோகிராம்-மீட்டர் (kgf·m), நியூட்டன்-மீட்டர் (N·m) என இரண்டு அளவு இருக்கும். 1 கிலோகிராம்-மீட்டர் சுமார் 9.8 நியூட்டன்-மீட்டர். இதைக் குழப்பிக்கொண்டு போல்ட்டை முறிப்பவர்கள் உண்டு.

ஷாக்கை நக்கிளோடு (வீல் ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளையும் அப்போதே பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும் கணத்திலும், ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதும் ஒரே ஒரு "டக்" வரும். அவற்றைத் தொட்டாலே கேம்பர் (வீல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) மாறும்; எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அலைன்மெண்ட். இப்போதே செய்தால் பணம் வீண்.

தர்மபுரி_டீசல்:

இடது ஷாக்கை இறக்கியாச்சு. ஸ்பிரிங் முனை படியை விட்டுத் தள்ளி, தட்டோட விளிம்புல ஏறி நின்னிருந்தது. பேரிங் கையில எடுத்துச் சுத்தினாலே கறகறங்குது. ரெண்டு பக்கமும் புது பேரிங் போட்டு மாட்டினதுல "டங்" போயிடுச்சு. இடது லிங்க்ல மேல் நட் முழுசா இறங்கல, ஸ்டட் சுத்தியிருக்கு. ஆலன் கீ போட்டு இறுக்கினதுல "டொக்"கும் நின்னுடுச்சு. ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தும்போது புஷ் "டப்"புன்னு திரும்பினதைக் கண்ணாலயே பாத்தோம் சார். இப்ப ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா இறங்கும்போது லேசா ஒரு "கீச்" மட்டும் இருக்கு.

கிருஷ்ணகிரி_பிட்:

அது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பார் புஷ். ஒவ்வொரு புஷ் மேலயும் தண்ணி அடிச்சு ஓட்டிப் பாருங்க. எதுல அடிச்சதும் கீச் கொஞ்ச நேரம் நிக்குதோ அதான். புஷ்ஷைக் கழட்டி, பாரைத் துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்க. சாதாரண கிரீஸோ பழைய ஆயிலோ ரப்பரை ஊத வெச்சுடும். நம்ம பக்கம் கல்குவாரி லாரி ஓடற ரோட்டுல பொடி மணல் உள்ள போயிருந்தா, துடைக்காம கிரீஸ் வெச்சு பிரயோஜனம் இல்ல. புஷ் தேஞ்சு பார் ஆடுதுன்னா புதுசே போட்டுடுங்க.

ஊத்தங்கரை_வண்டி:

இடையில ஒரு கேள்வி. வண்டி அடி இடிக்குதுன்னு ஸ்பிரிங் சுருளுக்கு நடுவுல ரப்பர் பஃபர் போட்டா முன்பக்கம் "டக் டக்"னு வருமா?

ஓசூர்_அலைன்மெண்ட்:

வரும். பஃபர் பிடித்திருக்கும் சுருள்கள் சரியாக அமுங்காது. மீதிச் சுருள்கள்தான் முழு வேலையும் செய்ய வேண்டும். ஸ்பிரிங் விறைத்து, பள்ளத்தின் அதிர்ச்சி நேராக டாப் மவுண்ட்டுக்குப் போகும். பஃபர் நகர்ந்து ஷாக் தட்டில் உரசினாலும் சத்தம் வரும். முதலில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் டாப் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். அடி இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த ஸ்பிரிங்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து இங்கே போடுங்கள்.