பைத்தானில் டிஎன்எஸ் தேடலுக்கு மட்டும் திரெட் பூலைக் கட்டுப்படுத்துவது எப்படி?

வணக்கம் நண்பர்களே, வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன், இரண்டு நாளாக இதோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போனேன்.

பல வேலைகளை ஒரே திரெட்டில் மாறி மாறிச் செய்ய உதவும் பைத்தானின் அசிங்க்ஐஓவில் (தமிழில் எழுதினால் பெயர் இப்படித்தான் அசிங்கமாக வருகிறது) ஒரு சின்ன புரோகிராம், சில நூறு தளங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும். டிஎன்எஸ் தேடல், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவதைச் செய்யும் கெட்அட்ர்இன்ஃபோ ஃபங்ஷன், பதில் வரும்வரை திரெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அசிங்க்ஐஓ அதைத் தன் பொதுத் திரெட் பூலுக்கு, அதாவது இப்படிக் காத்திருக்கும் வேலைகளுக்கென்று வைத்திருக்கும் திரெட் கூட்டத்துக்கு, தள்ளிவிடுகிறது. அதன் அளவு கோர் எண்ணிக்கையோடு 4 கூட்டியது, அதிகபட்சம் 32. என்னுடையது 4 கோர், ஆக 8 திரெட்தான். டிஎன்எஸ் சேர்வர் பேசாமல் இருந்தால் லினக்ஸ் வழக்கமாக 5 செக்கன் காத்திருந்து, அப்புறம் திரும்பவும் கேட்கும். அப்படி எட்டுப் பெயர் சேர்ந்தால் முடிந்தது கதை, நான் டு_திரெட் மூலம் அதே பூலில் போட்ட ஃபைல் எழுதும் வேலையும் வரிசையில் நிற்கிறது. நேற்றிரவு லாக் அசையாமல் நின்றதைப் பார்த்து, வைஃபை போய்விட்டதென்று ரவுட்டரை வேறு நிறுத்திப் போட்டேன்.

பொதுப் பூலை மாற்றும் செட்_டிஃபால்ட்_எக்ஸிக்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மாற்றுகிறது. எனக்கு டிஎன்எஸ்ஸுக்கு மட்டும் தனியாக 4 திரெட் போதும். அசிங்க்ஐஓவின் லூப்பை சப்கிளாஸ் செய்து கெட்அட்ர்இன்ஃபோவை மாற்றி எழுதுவதா, ஒரே நேரத்தில் எத்தனை தேடல் நடக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு செமஃபோர் போதுமா, இல்லை திரெட்டே வேண்டாம் என்று ஏஐஓடிஎன்எஸ் என்ற லைப்ரரிக்குப் போவதா? செய்து பார்த்தவர்கள் ஒருக்கா சொல்லுங்கள்.